பனங்கட்டியா, நிழலா?

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த பழைய பண்டகசாலை ஒன்றைத் திருத்தும் வேலைக்கு என்னை மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்கள். முன்பு யாரோ அதன் சுவர்களுக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். உள்ளே தேங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, கட்டிய காலத்தில் இருந்ததுபோலவே சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். படிக்கும்போது இதைப்பற்றி வாசித்திருக்கிறேன். கையால் தொட்டதில்லை.

மேசன் குறிஞ்சாக்கேணியில் இருந்து வருபவர். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். கட்டாரில் பல வருடம் சீமெந்து வேலை செய்தவர்.

"மிஸ், நானும் இதப் பூசினதில்ல. ரெண்டு பேருமாப் பார்ப்பம்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்குப் பெரிய ஆறுதல்.

பீப்பாத் தண்ணீரில் சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டதும் அது குமுறிக் கொதித்தது. அடுப்பில்லாமல் கொதிக்கும் தண்ணீரை இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். பல வாரம் ஊறவிட்டதில் தயிர்போல வெள்ளைக் களி கிடைத்தது. அதை மணலோடு குழைத்துச் சுவரில் இரண்டு இடத்தில் பூசினோம். ஒன்று வெறும் சாந்து. மற்றதில், ஊரில் பலரும் சொன்னபடி, பனங்கட்டி கரைத்த தண்ணீரையும் சேர்த்தோம்.

வறண்ட கச்சான் காற்று வீசும் காலம். சில நாட்களிலேயே வெறும் சாந்து வற்றிய குளத்தின் தரைபோல வெடித்தது. பனங்கட்டிச் சாந்தில் ஒரு கீறல் இல்லை. எறும்புகள் மட்டும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா மிஸ், பனங்கட்டிதான் பிடிச்சு வெச்சிருக்கு."

எனக்கு மனம் ஒப்பவில்லை. "நானா, அது வேம்பு நிழலில இருக்கு. இது முழு வெயிலில. எதால வெடிச்சது எண்டு எப்படிச் சொல்லுறது?"

அவர் மரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான். மாத்திப் பூசுவமா?"

மாற்றிப் பூசினோம். அதன்பிறகு அன்புவழிபுரத்து வீட்டில் இருந்து வேலைக்கு வந்ததும் நேரே சுவரடிக்குத்தான் போவேன். விடுமுறை நாளிலும் பொறுக்க முடியாமல் போனேன். அங்கே நானா சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். கடைக்குப் போகும் வழியாம். பக்கத்தில் பையோடு நின்ற அவருடைய மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்கட வீட்டுச் சுவர இவர் ஒருநாளும் இப்படிப் பாத்ததில்ல."

வெயிலில் பூசிய பனங்கட்டிச் சாந்தும் வெடித்திருந்தது. நிழலில் இருந்த வெறும் சாந்து முழுதாக இருந்தது.

"அப்ப பனங்கட்டி ஒண்டும் செய்யல்லியா?" நானாவின் குரலில் சின்ன ஏமாற்றம்.

"கொஞ்சம் செய்திருக்கு. வெடிப்பு மெல்லிசு. ஆனா முதல்ல வெயிலையும் காத்தையும் மறைக்க வேணும்."

எறும்பு ஏற வேண்டாம் என்று சுவர் முழுக்க வெறும் சாந்தே பூசி, நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டோம். அவை காயக் காய மறுபடியும் நனைத்தோம். சாக்குகளை அகற்றிய அன்று நானா சுவரை விரலால் தட்டித் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு யன்னலுக்குக் கீழே மட்டும் மயிரிழை போல ஒரு கீறல். அதை அடைத்தோம்.

மாரி தொடங்கியபோது ஒருநாள் நானா தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், மழையில சுவர் கறுத்துப் போச்சு. பயந்துட்டன். இப்ப வெயில் பட, ஈரம் வெளியேறி, மேல இருந்து வெளுத்துக்கொண்டு வருது. வந்து பாருங்களன்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.