ஆடிக் காற்றில் மாற்றிய தொட்டி

நர்சரிக்குச் செடி வாங்க வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு வருவார்கள். அதே செடிக்குத் தொட்டி மாற்ற வரும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் முகத்தோடு வருவார்கள். தேனியில் பதினைந்து வருடமாக இந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் செடி வளர்க்கும் புண்ணியவான்களே, தொட்டி மாற்றிய மறுநாள் பல்கூட விளக்காமல் போய் இலை தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கையில் செத்ததைவிட என் கையில் செத்தது அதிகம். அதில் பாதி, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காததால் செத்தது.

வளர்கிற பிள்ளைக்குச் சட்டை

தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கடைக்குள் மேஜைமேல் வெள்ளைப் பூ விடும் பீஸ் லில்லிச் செடி ஒன்றை வளர்த்துவந்தார். தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சரியான அடையாளம்தான். தண்ணீர் ஊற்றிய வேகத்தில் கீழே ஓடிவிட்டாலும், மண்ணுக்கு மேல் வேர் சுருண்டு தெரிந்தாலும் செடி இடம் கேட்கிறது என்று அர்த்தம். இருக்கிற தொட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூடினால் போதும் என்றேன். அவர் என் நர்சரியைச் சுற்றி வந்து, வாசலில் அரளி வைத்திருந்த அண்டாவைப் போன்ற தொட்டியைக் காட்டினார்.

சின்ன வேருக்குப் பெரிய தொட்டி ஆகாது. வேர் குடிக்காத தண்ணீர் மண்ணிலேயே கிடந்து வேரை அழுகவைத்துவிடும். இதை ஒரே ஒரு தடவை, அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பழகிய மனிதர், எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை. மாதம் முடிவதற்குள் செடி அழுகிப்போனது. என் முகத்தைப் பார்த்து அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்: "பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கையில ரெண்டு வருசத்துக்குச் சேத்துத்தான எடுக்குறோம், அந்தப் பழக்கம் தம்பி."

மிதித்த மண்

சின்னமனூர்ப் பக்கம் வாழை போட்டிருக்கும் விவசாயி ஒருவர். மருமகள் ஆசையாக வாங்கிய பிலோடெண்ட்ரான் என்ற அலங்காரச் செடிக்குத் தொட்டி மாற்ற வேண்டும் என்று வந்தவர், மண்ணையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நல்ல கண்மாய்க் கரம்பை வண்டல், மக்கிய ஆட்டு எரு. வயலுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் வைக்கும் செடிக்குத் தென்னை நார்த்தூளும் கொஞ்சம் மணலும் கலந்து பொலபொலவென்று இருக்க வேண்டும். காற்றுப் புகாத மண்ணில் அதற்கு மூச்சு முட்டும்.

அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே செடியை வைத்து, மண்ணைத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் சுற்றிவர அழுத்தினார். ஆயிரக்கணக்கில் வாழைக்கன்று நட்ட காலுக்கு நான் என்ன பாடம் நடத்துவது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று வாரம் கழித்து மஞ்சளான செடியோடு வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாழை காத்துக்குச் சாஞ்சுரும்னு மிதிப்போம், இது வீட்டுக்குள்ள எங்கிட்டுச் சாயப் போகுது, நீங்களாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

மலைக்கு மேலே, மலைக்குக் கீழே

நான் தொழில் படித்தது குமுளியில். பன்னிரண்டு வருடம் அங்கே ஒரு நர்சரியில் வேலை. ஆனி, ஆடி பிறந்தால் அங்கே மழை விடாமல் நூல் நூலாக விழும். ஏலக்காய் எஸ்டேட்டுகளில் நடவு நடக்கும் காலமும் அதுதான். தொட்டி மாற்றவும் அதைவிட நல்ல காலம் கிடையாது. வேரை எப்படிக் கலைத்தாலும் அந்த ஈரத்தில் செடி நிமிர்ந்துகொள்ளும்.

அந்தப் பாடத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு தேனிக்கு இறங்கினேன். மலைமேல் மழையைக் கொட்டிவிட்டு மேகம் அங்கேயே நின்றுவிடும்; கீழே வருவது வெறும் காற்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையைச் சுழற்றுகிற அந்தக் காற்றுக்கு, வேர் கலைந்த ஒரு செடியின் ஈரத்தை உறிஞ்ச இரண்டு நாள் போதும். ஆடியில் நான் மாற்றிய செடிகள் வருடா வருடம் வாடின. வாங்கியவர் கவனிக்கவில்லை, தண்ணீர் சரியில்லை என்று ஏதாவது ஒரு காரணம் எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் பாண்டியம்மா, என் வயதுக்காரி, மண் கலந்துகொண்டே ஒருநாள் சொன்னாள்: "மேல மழைன்னா கீழ காத்துன்னு இங்கன பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், உங்க படிப்புக்குத்தான் தெரியல."

அன்றைக்கு அவளிடம் கோபித்துக்கொண்டேன். அதற்கடுத்த ஆடியில்தான் செல்லத்தாயி வந்தார்.

ஓட்டை இலைச் செடி

செல்லத்தாயிக்கு ஊர் சுருளிப்பட்டி. தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறவர். மகள் ரம்யா தேனியில் நர்சிங் படித்தபோது என்னிடம் ஒரு மான்ஸ்டெரா வாங்கினாள். இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தச் செடி. படிப்பு முடிந்து குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது அதை அம்மாவிடம் விட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது முதலில் செடியைத்தான் கேட்பாளாம். புது இலை விட்டால் அன்றைக்குப் பேச்சு அரை மணி நேரம் கூடுதலாம்.

வேர் வெளியே வந்துவிட்டது, வாங்கின இடத்திலேயே தொட்டி மாற்று என்று மகள் சொன்னதால் இரண்டு பஸ் மாறி, செடியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "நாங்களும் மேல இப்பத்தான் நடுறோம், ஆனா கீழ இந்தக் காத்துல ஆகுமாண்ணே?" என்று கேட்டார். மலையிலும் கீழேயும் தினமும் கால் வைக்கிற மனுஷி கேட்கிறார். நான் கேட்டேனா? குமுளி கதையைப் பெருமையாகச் சொன்னேன். பழைய மண்ணை முழுக்கக் கழுவி, வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புதுத் தொட்டியில் வைத்துக் கொடுத்தேன். வேரை அவ்வளவு தொட்டிருக்கவே வேண்டாம். சுருண்டதை விரலால் லேசாகப் பிரித்துவிட்டு, அப்படியே இறக்கியிருக்கலாம். ஆவணி கடந்து காற்று அடங்கட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம் என்றுகூட நான் சொல்லவில்லை. கிளம்பும்போது தொட்டியைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்: "ஞாயித்துக்கெழம அவளுக்குக் காட்டணும், வாடிராதுல்லண்ணே?"

அதே மாதிரி இன்னொன்று

மூன்றாவது வாரம் செல்லத்தாயி வெறுங்கையோடு வந்தார். இலையெல்லாம் கருகி, தண்டு மெத்தென்று ஆகிவிட்டதாம். இரண்டு ஞாயிறாக போன் சரியில்லை, கரண்ட் இல்லை என்று சாக்குச் சொல்லி ஓட்டிவிட்டார். "செடி நல்லாருந்தா நீயும் நல்லாருக்கன்னு நெனச்சுக்கிருவேம்மான்னு சொல்லிட்டுப் போனா. நான் என்னத்தக் காட்டுவேன்?" என்று பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

என் தப்பு, நேரம் கெட்ட நேரத்தில் மாற்றிவிட்டேன், போனைக் கொடுங்கள், நானே ரம்யாவிடம் சொல்கிறேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக உள்ளே போய், அதே உயரத்தில், அதே அளவு இலையோடு இன்னொரு மான்ஸ்டெராவைக் கொண்டுவந்து வைத்தேன். வீட்டில் இருக்கும் அந்தத் தொட்டியில் இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றேன். செல்லத்தாயி அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றுதான் அவர் மனம் சொல்லியிருக்கும். நான்தான் தொட்டியை அவர் கையில் திணித்தேன். பாண்டியம்மா எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். செல்லத்தாயி கேட்டது இவ்வளவுதான்: "பெத்த மகளுக்கு நெசமாவே தெரியாதாண்ணே?"

இலையின் பின்பக்கம்

ஆவணியில் ஒருநாள் காலை கடை திறந்ததும், தோளில் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். ரம்யா.

செடி வாங்கிய அன்றைக்கே பஸ்ஸில் ஒரு இலை கிழிந்துவிட்டதாம். நர்சிங் படிக்கிற பிள்ளை அல்லவா, இலையின் பின்பக்கம் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒட்டியிருக்கிறாள். வீடியோவில் புதுச் செடியைப் பார்த்ததும் ஏதோ மாதிரித் தெரிய, இலையைத் திருப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். செல்லத்தாயி போனை ஆஃப் செய்துவிட்டார். அதற்கு முந்தின வருடம் அப்பா ஜீப்பிலிருந்து விழுந்து கால் ஒடிந்ததையே ஒரு மாதம் கழித்துத்தான் மகளிடம் சொன்னார்களாம். செடிக்கே ஆள்மாறாட்டம் என்றால் வீட்டில் என்ன நடக்கிறதோ, அம்மாவுக்கு என்னவோ என்று அடித்துப் பிடித்துக் கிளம்பி வந்துவிட்டாள். தை மாதம் தம்பி கல்யாணம். அதற்காக அந்த வருடத்து லீவு முழுவதையும் சேர்த்துவைத்திருந்தவள். அந்த லீவில்தான் வந்திருந்தாள்.

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, வேர், நான் வெட்டியது, நான் திணித்தது, ஒன்றையும் விடவில்லை. ஒரு மாதம் முன்னால் வராத வார்த்தை அன்றைக்குத் தங்குதடையில்லாமல் வந்தது. அவள் சத்தம் போடவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "செடி செத்துப்போச்சுன்னு சொல்லிருந்தா, ஒருநா அழுதுட்டு வேலைக்குப் போயிருப்பேண்ணே."

தை மாதக் கல்யாணம்

எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், பாண்டியம்மா விடவில்லை. சுருளிப்பட்டியில் மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் எல்லோரும் அட்சதையோடு நிற்க, செல்லத்தாயி மட்டும் பட்டுச்சேலையில் மேடைக்குக் கீழே நின்று, இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். தாலி கட்டும்போது அவருக்கு அட்சதை போடக்கூடக் கை இல்லை. போனில், வேலைச் சீருடையோடு ரம்யா எங்கோ ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தூணோரமாக நழுவப் பார்த்தேன். செல்லத்தாயி பார்த்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் என்று ஒன்று இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்து இழுத்து, போனுக்கு நேரே நிறுத்தினார்: "எங்கண்ணே ஓடுறீக, இங்கன வந்து நில்லுங்க, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு யாரு யாரு வந்துருக்காகன்னு அவளும் பாக்கட்டும்."

ஆடி மாதம் தொட்டி மாற்றித் தரப்படமாட்டாது என்று இப்போது கடை வாசலில் பலகை வைத்திருக்கிறேன். செத்த செடிக்குப் பதில் செடி தரப்படமாட்டாது, உண்மை மட்டுமே சொல்லப்படும் என்று அதன் கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்றால், அப்படி எழுதிய நர்சரிக்குள் யார் வருவார்கள் என்று கேட்கிறாள் பாண்டியம்மா.