ஏழு சீட்டு வண்டியும் எந்தத் தெரு என்ற கேள்வியும்

எட்மன்டனில் குளிர் இறங்கிவிட்டால் காரையும் கரண்டில் மாட்டிவைக்க வேண்டும். முன்பக்கம் பம்பருக்கு மேலே ஒரு ஒயர் தொங்கும். இன்ஜின் உறைந்துபோகாமல் இருக்க அதைச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறோம். வந்த புதிதில் இதைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். "கரண்ட் வண்டியாக்கா?" என்று என் தம்பி குமரேசன் கேட்டான். "பெட்ரோல் வண்டிதான்டா, சளி புடிக்காம இருக்க" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான். அவனும் அப்போதுதான் வண்டி வாங்கியிருந்தான். என்னுடையதும் அவனுடையதும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே அளவு, குடும்பத்தோடு ஏறி உட்காரும் எஸ்யூவி. எனக்கு ஸ்டியரிங் இடது பக்கம், அவனுக்கு வலது பக்கம். வேறு வித்தியாசம் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

போன மாதம் என் மகள் யாழினியின் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். டயான் என்றொரு பெண் கண்ணாடியைத் தட்டினாள். அவள் மகளும் யாழினியும் ஒரே வகுப்பு. கண்ணாடியை இறக்கினேன். சிரித்த முகத்தோடு, "விச் ஸ்ட்ரீட் ஆர் யூ ஆன்?" என்று கேட்டாள். கை தானாகப் போய்க் கதவை லாக் செய்தது. "ஒய் டூ யூ வான்ட் டு நோ?" என்று நான் கேட்ட குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பாவம், இரண்டு எட்டு பின்னால் போனாள். பக்கத்துத் தெருவாக இருந்தால் பிள்ளைகளை மாறி மாறி ஒரே வண்டியில் கூட்டிப்போகலாமே என்று கேட்க வந்தவள் அவள். ஸாரி என்றாள். நானும் ஸாரி என்றேன். இந்த நாட்டில் அதோடு எல்லாம் முடிந்துவிடும். எந்தத் தெரு என்பதை மட்டும் கடைசிவரை நான் சொல்லவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சாதியை யாரும் சாதி என்று கேட்கமாட்டார்கள். அவ்வளவு நாகரிகமானவர்கள் நாங்கள். முதலில் எந்த ஊர் என்பார்கள். அடுத்து, எந்தத் தெரு என்பார்கள். ஊர்த்தெருவா, ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த காலனியா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உட்காரச் சொல்வதா நிற்கவைப்பதா என்று முடிவாகும். நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு ஊர்த்தெருவில் பிறந்தவள். என் தம்பியின் மனைவி தேன்மொழி வேறொரு ஊரின் காலனியில் பிறந்தவள். தம்பியும் அவளும் சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வாடகை வீடு பிடித்தார்கள். அன்றோடு எங்கள் அப்பா அவன் பெயரை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஊர்ப் பையன்கள் சிலர் அவன் மோட்டார் பம்ப் கடைக்கு வந்து ஷட்டரில் கல்லெறிந்துவிட்டுப் போனார்கள்.

வண்டி வாங்கியது அதற்குப் பிறகுதான். பைக்கில் போனால் ஊர்க்காரன் எவனாவது எதிரே வந்து வண்டியைக் குறுக்கே விடுவான். பஸ்ஸில் போனால் தேன்மொழியின் காதில் விழும்படி ஒருத்தன் ஜாடை பேசுவான். யாரோ ஓட்டிக் கழித்த எஸ்யூவி ஒன்றைப் பிடித்தான் குமரேசன். போன் போட்டால் வண்டிப் பெருமைதான். "மைலேஜ் மட்டும் கேக்காதக்கா. ஆனா வீராணம் ஏரிக்கர ரோட்டுல குழியே தெரியல. மூணாவது சீட்டு வரைக்கும் ஏசி அடிக்குது. இடம் ஜாஸ்தி, நீ வந்தா கால நீட்டிக்கினு வரலாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணாடிய ஏத்திட்டம்னா உள்ள யாரு இருக்காங்கன்னு எவனுக்கும் தெரியாது" என்றான். ஊரெல்லாம் சன்ரூஃப் பார்த்து வண்டி வாங்குகிறது. என் தம்பி கறுப்பு ஃபிலிம் பார்த்து வாங்கினான்.

அந்த ஃபிலிமில்தான் வினை இருந்தது. பழைய ஓனர் காலனிக்காரர். பின்கண்ணாடி முழுக்க அவர்கள் பக்கத்துத் தலைவர் ஒருவரின் படத்தையும் பெயரையும் பெரிதாக ஒட்டியிருந்தார். குமரேசன் பிளேடால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். ஸ்டிக்கர் போய்விட்டது. ஆனால் பல வருஷ வெயிலில் சுற்றிலும் இருந்த ஃபிலிம் வெளுத்து, ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் கறுப்பாகவே நின்றுவிட்டது. கிட்டே போனால் ஒன்றும் தெரியாது. வெயில் படும்போது நாலு கஜம் தள்ளி நின்றால் பெயரைப் படிக்கலாம். போன வருஷம் நான் லீவுக்குப் போயிருந்தபோது தேன்மொழிதான் காட்டினாள். "பின்னாடி கண்ணாடி இன்னும் பேசுதுக்கா. மாத்தச் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு." குமரேசன், "நாலு வெயில் பட்டா தானா பூடும்" என்றான். வெயில்தான் அதை எழுதியது என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

யாழினிக்குக் கடல் பார்க்க ஆசை. கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய்விட்டு, மஞ்சக்குப்பத்தில் சாப்பிட்டுத் திரும்பலாம் என்று சிதம்பரத்திலிருந்து காலையில் கிளம்பினோம். குமரேசன் ஓட்டினான். பக்கத்தில் நான். நடு சீட்டில் யாழினி. தேன்மொழி எப்போதும் போல மூன்றாவது சீட்டில், பின்கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பரங்கிப்பேட்டை பிரியும் இடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஓர் ஊர் வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். முதல் நாள் அங்கே திருவிழா பேனர் கிழிந்து தகராறு, ஊர்த்தெருப் பையன் ஒருவனுக்கு வெட்டு. அது எங்களுக்குத் தெரியாது. ரோட்டின் குறுக்கே பனங்கட்டையைப் போட்டுவிட்டு முப்பது நாற்பது பேர் நின்றார்கள். வண்டியை நிறுத்தினோம்.

கழுத்தில் பச்சைத் துண்டு போட்டிருந்த ஒருவர் குனிந்து பார்த்தார். "எந்த ஊரு?"

"சிதம்பரங்க. கொழந்த இருக்குது, வழி வுட்டீங்கன்னா போயிடுவோம்" என்றான் குமரேசன்.

"சிதம்பரம் இருக்கட்டும், சொந்த ஊரு? எந்தத் தெரு?"

குமரேசன் பதில் சொல்லவில்லை. ஊர்த்தெரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பனங்கட்டை நகர்ந்திருக்கும். ஆனால் அடுத்து யார் வீட்டுப் பிள்ளை என்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால், ஓ, காலனிப் பெண்ணை இழுத்துக்கொண்டு போனவனா என்று யாராவது ஒருத்தன் கண்டுகொள்வான். அவள் உள்ளே இருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், கண்ணாடிய பார்றா! அவனுங்க வண்டிடா!"

முதல் அடி பின்கண்ணாடியில் விழுந்தது. தேன்மொழியின் தலைமேல் கண்ணாடித் தூள் கொட்டியது. அடுத்த அடி டிரைவர் பக்கக் கண்ணாடியில். சில்லு அந்தப் பக்கம் திரும்பிய குமரேசனின் இடது கண்ணில் பாய்ந்தது. கதவைத் திறந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டார்கள். உருட்டுக் கட்டை, இரும்புப் பைப், செருப்புக் கால். பைப் எலும்பில் விழும் சத்தத்தை இதற்கு முன் நான் கேட்டதில்லை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான், அந்தக் கையிலேயே அடித்தார்கள், மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததால்தான் மாமாவை அடிக்கிறார்கள் என்று யாழினி நினைத்துக்கொண்டாள். "ஒன் நைன்டீன் ஸ்ட்ரீட்! ஒன் நைன்டீன் ஸ்ட்ரீட்!" என்று எங்கள் எட்மன்டன் தெருவின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள்.

நான் இறங்கி ஓடினேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அம்மன் கோயில் தெரு என்றேன். அப்பா பெயரைச் சொன்னேன். "நாங்க ஊர்த்தெருடா, பாவிங்களா! ஊர்த்தெரு!" என்று கத்தினேன்.

கட்டைகள் அப்படியே நின்றன. பச்சைத் துண்டுக்காரர் முகம் மாறிப்போயிற்று. "அடப்பாவமே, நம்ம ஆளுங்கடா" என்று துண்டை உருவி, அதே கையால் குமரேசனின் முகத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தார். ஒருத்தன் சோடா வாங்க ஓடினான். "முன்னாடியே சொல்லியிருந்தா அடிச்சிருப்போமா தங்கச்சி?" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அந்தத் தங்கச்சி என்ற வார்த்தை இன்றைக்கும் என் உடம்பில் ஊர்கிறது. பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அது யாரு?"

தேன்மொழி தாலியைச் சுடிதாருக்குள் தள்ளியிருந்தாள். யாழினியின் இங்கிலீஷ்தான் எனக்குக் கைகொடுத்தது. "கனடாவுலேருந்து என்கூட வந்த பொண்ணு. தமிழ் வராது" என்றேன்.

"பாத்தா நம்மூரு பொண்ணு மாரியே இருக்குதே?"

"அவுங்க தாத்தா காலத்துலயே போயிட்டாங்க."

அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் உதவியும் செய்தார். வண்டியில் ஏறி, குமரேசனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். எனக்கு இடது பக்க ஸ்டியரிங் பழக்கம். இண்டிகேட்டர் என்று நினைத்து இழுத்தால் வைப்பர் ஓடியது, விரிசல் விட்ட முன்கண்ணாடியை அது கரகரவென்று தேய்த்தது. முன்னால் இரண்டு பைக்குகள் எங்களுக்காக ஹார்ன் அடித்து வழி விலக்கிக்கொண்டு போயின. சிதம்பரம் ஆஸ்பத்திரி வரும் வரை அவர் வண்டியில் இருந்தார். தன் புருஷன் ரத்தமாகக் கிடக்க, அவனை அடித்தவன் மடியில் அவன் தலை இருக்க, தேன்மொழி ஒரு ஐயோ கூடச் சொல்லாமல் வந்தாள். சொன்னால் தமிழாகிவிடும். கண்ணாடியில் பார்த்தேன். சுடிதார் ஷாலை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் இறங்கிப் போன பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுத அழுகையை எழுத என்னால் ஆகாது. மறுநாள்தான் என்னிடம் பேசினாள். "நீங்க கத்துனதாலதான் அவரு உசுரோட இருக்காரு. இல்லைங்கல. ஆனா ஒண்ணு சொல்லுங்கக்கா. வண்டிய எங்க அண்ணன் ஓட்டியிருந்தா என்ன சொல்லிக் கத்தியிருப்பீங்க?"

அன்று கத்தியதற்கு நான் வெட்கப்படவில்லை. திரும்ப அதே ரோட்டில் நிறுத்தினாலும் அதையேதான் கத்துவேன். என் தம்பி சாவதைப் பார்த்துக்கொண்டு நியாயம் பேச எனக்கு வராது. ஆனால் என் வாயில் இருந்த அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் இல்லை. எத்தனை நாடு தாண்டினாலும் அது என் வாயிலேயே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிகிறது. போலீசில் புகார் கொடுத்தோம். நாற்பது பேர் நின்ற ரோட்டில் யாரையும் யாரும் பார்க்கவில்லையாம். குமரேசனுக்கு இடது கண் போனது போனதுதான். வலது கை ஸ்டியரிங் பிடிக்காது. தேன்மொழி டிரைவிங் கற்றுக்கொண்டாள். பின்கண்ணாடியை மாற்றி, இந்தத் தடவை ஃபிலிம் ஒட்டாமல் விட்டாள். கடைக்குச் சரக்கெடுக்க அவள்தான் அந்த வண்டியை ஓட்டுகிறாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் யாழினியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வண்டியில் ஏறி, இன்ஜினைச் சூடேறவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. ஸ்பீக்கரில் தேன்மொழியின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "ஹலோ. ஹவ் ஆர் யூ?"

"நல்லா இருக்கேன். தம்பி எப்படி இருக்கான்?"

"ஹீ ஈஸ் ஃபைன்."

ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வி கேட்டதிலிருந்து என்னோடு இப்படித்தான். போன் போடாமல் இருப்பதில்லை. கோபமாகவும் பேசுவதில்லை. "தமிழ்ல பேசேன்டி" என்று அன்றும் கெஞ்சினேன்.

"ஐ டோன்ட் நோ டமில்" என்றாள்.

போனில் ஹார்ன் சத்தம் கேட்டதும் யாழினி பின்சீட்டிலிருந்து, "அத்தை, வண்டி ஓட்டுறீங்களா? எந்தத் தெருல இருக்கீங்க?" என்று உற்சாகமாகக் கேட்டாள். சிதம்பரத்து பஸ் ஒன்று அவளைத் தாண்டிப் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ரோட்டுல இருக்கேன்டா தங்கம்" என்றாள் தேன்மொழி, தமிழில், குழந்தையிடம். பிறகு வைத்துவிட்டாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தேன். முன்பக்கம் படீரென்று ஒரு சத்தம். ஒயரைச் சுவரிலிருந்து கழற்ற மறந்துபோயிருந்தேன். பாதி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, பாதி வண்டியோடு தெருவுக்கு வந்துவிட்டது.