மாமாவின் இடது கை

என் மாமாவின் இடது கையில் ஓயாமல் ஒரு சத்தம் கேட்கும். அம்மாவின் தம்பி அவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், குஷாய்குடாவில் எங்கள் வீட்டில் தங்கி டயாலிசிஸுக்குப் போய் வந்தார். அதற்காக மணிக்கட்டுக்கு மேலே ஆர்ட்டரியையும் வெயினையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். காதை வைத்தால் அந்த இடம் பழைய ஃபிரிட்ஜ் போல உறுமும். அந்தக் கையில் வாட்ச்கூடக் கட்டக்கூடாது. ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கும் அது தெரியும்.

அந்த வாரம் பள்ளியில் ரத்த ஓட்டப் பாடம் நடத்தினார்கள். இதயம் ஆர்ட்டரி வழியாக ரத்தத்தை அனுப்பும், அது வெயின் வழியாகத் திரும்பும். நடுவில் வழியை அடைத்தால் என்ன ஆகும்? டீச்சரிடம் கேட்கக் கூச்சம்.

டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு மத்தியானம் மாமா அயர்ந்து தூங்கினார். என் பள்ளிக்கூட ரிப்பனை அவர் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். காதை வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் கீழேயிருந்து தோழி கூப்பிட்டாள். அப்படியே ஓடிவிட்டேன்.

விளையாடி முடித்து வந்த பிறகுதான் ரிப்பன் நினைவு வந்தது. அவிழ்த்தேன். சத்தம் திரும்பவில்லை. ரிப்பனைப் புத்தகப்பைக்குள் திணித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஹோம்வொர்க் எழுத உட்கார்ந்தேன். மாமாவே எழுந்து, கையைத் தொட்டுப் பார்த்து, அம்மாவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில், ரத்தம் உறைந்து குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். அடுத்த டயாலிசிஸுக்குக் கழுத்தில் டியூப் போட வேண்டும். பிறகு வலது கையில் அதே தையல் ஆபரேஷன். அவர் எழுதும் கை அது.

வராந்தா பெஞ்சில் அம்மா அழுதுகொண்டே திட்டினாள். "கையைப் பாத்துக்கோன்னு எத்தனை தடவைடா சொன்னாங்க?"

"தூக்கத்துல உடம்புக்கு அடியில மாட்டிக்கிச்சுக்கா," என்றார் மாமா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஆமாம்மா, மாமா எப்பவும் அந்தக் கை மேலதான் படுப்பாரு. நான் பாத்திருக்கேன்," என்றேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரிப்பன் பதிந்த கோடு அவர் கையில் லேசாகத் தெரிந்தது. அதை வலது உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஹவ்க்கா, ஆமா. பாப்பா சொல்றது சரிதான்."

நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்று நினைத்து, அம்மா வாங்கித் தந்த பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்றேன்.