கல்முனைப் பசாரில் ஒரு கண்ணாடி அலுமாரி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். கல்முனைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். முதல்நாள் முழுக்க ஹட்டனிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி வந்தவளுக்கு, ஒரு மேடுகூட இல்லாத இந்தக் கரையோர வீதி வேறு நாடு போல இருந்தது. களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இதே வீதியால் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் கல்முனையை ஜன்னலால் பார்த்ததோடு சரி. இந்தத் தடவை இறங்கியது ரிபாயாவுக்காக. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள், பிறகு கொழும்பில் கண் பரிசோதனை படித்தாள். அன்று பத்து மணிக்குப் பிரதான வீதியில் சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை திறக்க இருந்தாள். அவள் குடும்பத்தில் பசாரில் கடை வைக்கும் முதல் பெண் அவள்தான். இந்தத் தெருவில் இடம் கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தாள்.

எட்டரைக்கே வெயில் சுட்டது. பசார் அதற்கு முன்பே விழித்துவிட்டது. நகைக் கடைகளின் கண்ணாடிக் கதவுகளை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். புடவைக் கடைகளுக்கு முன்னால் அபாயா அங்கிகள் வரிசையாகக் காற்றில் ஆடின. மூன்று மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஓடு போட்ட பழைய கடைகள் இன்னும் சில இருக்கின்றன. முகப்பு முழுவதும் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையாகக் கழற்றி ஓரமாக அடுக்கினால் கடையே தெருவைப் பார்த்துத் திறந்துவிடும். ரிபாயாவின் கடையும் அப்படியொன்றுதான்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி அலுமாரி இன்னும் வரவில்லையாம். மூக்குக் கண்ணாடிகள் எல்லாம் பெட்டிகளில் கிடந்தன. துஆப் பிரார்த்தனை ஓதுவதற்கு மௌலவியும் குடும்பத்தாரும் பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். பக்கத்துப் புடவைக் கடை ஹாஜியாரும் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தைத் தன் சரக்கறைக்குக் கேட்டவராம். கிடைக்காததால் இவளோடு கதைப்பதே இல்லை என்று காதோடு சொன்னாள்.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது. காரைதீவிலிருந்து அலுமாரி ஏற்றிவந்த லொறி தெரு முனையில் நிற்கிறது. நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியின் டயர் வெடித்து வீதிக்குக் குறுக்கே கிடக்கிறதாம். இருவரும் ஓடினோம். லொறிச் சாரதி கையை விரித்தார். "இதுக்கங்கால ஒரு அடி போகேலாது தங்கச்சி. பின்னேரம் ஆகும்."

ரிபாயா அலுமாரியைப் பார்த்தாள். பத்தடி நீளம், மூன்று பக்கமும் கண்ணாடி. பிறகு தெருவைப் பார்த்தாள்.

"தூக்கிட்டுப் போவம்," என்றாள்.

சாரதி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மூட்டை இறக்க வந்த, சுமை தூக்கும் நாட்டாமைகள் நான்கு பேர் வந்தார்கள், போதவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து ஹாஜியாரின் குரல் கேட்டது. அவரது கடைப் பையன்கள் நான்கு பேரும் இடுப்பில் கட்டும் சாரன் துணிகளைப் புதிதாகக் கட்டுக்கட்டாகத் தோளில் சுமந்து கூடவே வந்தார்கள்.

"வெறுங்கையால பிடிச்சா வழுக்கும் மகள். முதல்ல இதச் சுத்துங்க."

விற்பனைக்கு வைத்திருந்த சாரன்களை அவரே பிரித்துக் கண்ணாடியைச் சுற்றினார். ரிபாயா துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டுப் பேர் தூக்கினார்கள். அலுமாரி கல்முனைப் பசாருக்குள் நடக்கத் தொடங்கியது. அவர்களுக்கு முன்னால் ரிபாயா பின்பக்கமாக நடந்தபடி வழி சொன்னாள். ஹாஜியார் முச்சக்கர வண்டிகளை அதட்டி ஒதுக்கினார். நான் வெயிலுக்குக் கொண்டுவந்த குடையைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றேன்.

"என்னகா பாத்துட்டு நிக்கிறாய்? குடைய எடுத்து அந்தக் கயித்தத் தூக்கு," என்றாள் ரிபாயா.

கடை வாசல்களில் வெயில் மறைக்கத் தாழ்வாகக் கட்டிய படங்குகளின் கயிறுகளைக் குடையால் உயர்த்திக்கொண்டே போனேன். கடைக்காரர்கள் தொங்கவிட்டிருந்த வாளிகளையும் பைகளையும் தாங்களாகவே கழற்றினார்கள். மீன் வியாபாரி சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். நகைக் கடைக்கு எதிரே ஒருவரின் கால் இடறி அலுமாரி சரிந்தது. உள்ளே கண்ணாடித் தட்டொன்று உரசிக் கீச்சிட்டது. தெருவே மூச்சைப் பிடித்தது. உடையவில்லை.

பலகைகள் எல்லாம் கழற்றியிருந்ததால் அலுமாரி தெருவிலிருந்து நேராகக் கடைக்குள் போய் நின்றது. கதவு வைத்த புதுக் கட்டடமாக இருந்தால் நுழைந்தே இருக்காது. பத்து மணிக்கு மௌலவி வந்தபோது கடைசிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

துஆ முடிந்து, பேரீச்சம்பழம் பகிர்ந்து, கூட்டம் கலைந்தது. ஹாஜியார் மட்டும் போகவில்லை. பரிசோதனை நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தார். எழுத்துப் பலகையின் மூன்றாவது வரியிலேயே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?" என்று ரிபாயா கேட்டாள்.

"கனகாலம். ஆரிட்டயும் செல்லல்ல."

லென்சுகளை மாற்றி மாற்றி வைத்தாள். ஒரு கட்டத்தில் அவர் பலகையை விட்டுத் தெருப் பக்கம் திரும்பினார். எதிர்க் கடையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசித்தார்.

ஹட்டனில் எங்கள் கடைவீதி ஏற்றத்தில் போகிறது. மழைக்குப் பயந்து எல்லோரும் சாமானை வாங்கிக்கொண்டு ஓடுவோம். பக்கத்துக் கடைக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் கல்முனையில் எத்தனை பேர் என்னை "குடைப்புள்ள" என்று கூப்பிட்டுத் தேநீர் தந்தார்கள் என்று கணக்கில்லை.

ஐந்து மணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட வருவதாக ரிபாயா சொல்லியிருந்தாள். வரவில்லை. பஸ் பசாருக்குள் ஊர்ந்தபோது ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கடைக்குள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவள் ஒரு பெண்ணின் முகத்தருகே குனிந்து லென்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவேயில்லை. கூப்பிட வாய் திறந்தவள், கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே போனேன்.