தண்ணீர் ஆபீசில் கேட்ட பெயர்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? ஊரில் எத்தனையோ பேர் கதை இருக்க, நான் குழாய் திறக்கப் போய் நின்ற கதைதான் வேண்டுமா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். என் முதல் பேத்தி பிறந்த சமயம். பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வீடு மாறியிருந்தோம். பழைய குடித்தனக்காரர் போனதும் குழாயை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். வீடு என் வீட்டுக்காரர் பேரில். அவரோ வெளியூரில், கிள்ளானில் தண்டவாள வேலையில் மாட்டிக்கொண்டார், லீவு கிடையாது. உள்ளே என் மகள் பச்சைப் பிள்ளையோடு படுத்திருக்கிறாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனால், "மறுபடியுமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

"எனக்குப் பதிலாக என் சம்சாரம் வருகிறாள், குழாயைத் திறந்து விடுங்கள்" என்று யாரையோ எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்து, கிள்ளானிலிருந்து கடிதம் அனுப்பினார் மனுஷன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெம்பாகத் தண்ணீர் ஆபீசுக்குப் போனேன்.

ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி. கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கைநாட்டு யாரு வேணா வைக்கலாம்மா. போன மாசந்தான் ஒருத்தன் கள்ளக் கடுதாசி கொண்டாந்து ஏமாத்திட்டான். இது யாரு கொடுத்தது?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவருக்குப் பேரு இல்லையா?"

"அதுலயே எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா ஐயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கிராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க வாயால சொன்னாத்தான் திறப்பேன். இல்லேன்னா அவரையே வரச் சொல்லுங்க" என்று கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதுவும் ரயில் ஓடுகிற தண்டவாளத்தில் நாளெல்லாம் நிற்கிற மனுஷன். எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் போனால் பிள்ளையை எதில் குளிப்பாட்டுவேன்?

"ஐயா, நீங்க பேரு சொல்லிக்கிட்டே வாங்க. தப்பா இருந்தா நான் சொல்றேன்."

"அக்கா, சொல்லித் தொலைங்க லா, வெயிலு கொளுத்துது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கிராணி வேண்டுமென்றே ஆரம்பித்தார். "ராமசாமியா?"

"எவன்யா அவன்? என்னை யாருக்குக் கட்டி வைக்கப் பாக்குறீங்க?"

"முனியாண்டியா?"

"அது எங்க மாமனாரு. செத்துப் போன மனுஷனை ஏன் எழுப்புறீங்க?"

அடுத்து சரியான பேரைச் சொன்னார். அதை இப்போதும் நான் சொல்ல மாட்டேன். என் தலை தானாகக் குனிந்தது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

கிராணி பேனாவை எடுத்துக்கொண்டே பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார்: "கள்ளக் கடுதாசிக்காரியா இருந்தா பேரை மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்து மடமடன்னு ஒப்பிச்சிருப்பா. இவ்வளவு கேட்டும் வாயில வரலைன்னா, இது பொண்டாட்டியேதான்!"

சாயங்காலமே ஆள் வந்து குழாயைத் திறந்தான். பேத்தி எங்கள் வீட்டுத் தண்ணீரிலேயே குளித்தாள். வீட்டுக்காரரும் கிள்ளானிலிருந்து முழுசாகத் திரும்பி வந்தார். கைநாட்டை நம்பாத ஆபீஸ் என் வெட்கத்தை நம்பியதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எந்த ஜன்னல் முன்னால் நிற்கவும் எனக்குப் பயமில்லை.

பக்கத்து வீட்டுக்காரிகள் சும்மா விடுவார்களா? "எப்படி அக்கா சாதிச்சீங்க?" என்று சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் வாயையே திறக்கலடி. அவங்களாத்தான் குழாயைத் திறந்துட்டாங்க!" என்று சொல்லிவைத்தேன்.