இரண்டாவதாக வந்தவன்

என் பெரியப்பா மகனை நினைத்தால் முதலில் அவருடைய குதிகால்கள்தான் கண்ணுக்கு வரும். முகம் பிறகுதான் வரும். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் எப்போதும் அவர் முன்னால், நான் பின்னால். ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து லொறி போகும் பாதையில் வெறுங்காலோடு ஓடிப் பழகினோம். கடைசி வளைவில் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "வாடா ஆமை" என்பார். எனக்குச் சிரிப்பு வந்து மூச்சு போய்விடும்.

பதுளையில் நடந்த போட்டியில் முதலாவதாக வருபவனை இராணுவத்தின் ஓட்டக் குழுவுக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். லயத்து வரிசை வீட்டுப் பையனுக்கு மாதச் சம்பளமும் காலுக்குச் சப்பாத்தும் கிடைக்கும் வேலை. மகன் ஜெயிக்க வேண்டும் என்று பெரியம்மா முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டார். நானும் அதே முனியாண்டியிடம் எனக்காகக் கேட்டேன். உயிரைக் கொடுத்து ஓடியும் அண்ணனுக்கு ஓர் எட்டு பிந்திவிட்டேன். சேவலை அறுத்துச் சமைத்த அன்று, பெரியம்மா எனக்குத்தான் பெரிய துண்டாகப் போட்டார்.

சில வருடங்கள் அண்ணன் இராணுவத்துக்காக ஓடினார். சண்டை முற்றியதும் ஓட்டக்காரர்களையும் வடக்கே அனுப்பினார்கள். திறக்கக் கூடாது என்று சொல்லி அண்ணனை ஒரு பெட்டியில் கொண்டுவந்து தந்தார்கள். தோட்டத்தில் யார் செத்தாலும் அன்று காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆள் போகாது. மலையில் வேலை நிற்கும். அன்றோ பெட்டியைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள். அழுவதா ஒதுங்குவதா என்று தெரியாமல் பாதிப் பேர் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். பெரியப்பா ஏற்கெனவே இல்லை. தம்பி முறைக்கு நான்தான் மொட்டையடித்து முதல் பிடி மண் போட்டேன்.

இப்போது பெரியம்மா என் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை. போன மாதம் தேத்தண்ணி கொடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா எந்நேரமும் திருடன் மாதிரி ஒளிஞ்சுக்கிட்டுத் திரியுற?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

"சேவல் நேந்துக்கிட்டது நான். நீ ஜெயிச்சிருந்தா அவன் இருந்திருப்பான்னு நானும் நெனைக்காம இல்ல. ஆனா தோத்ததுக்கு நீ என்னடா செய்வ? ஓடத்தான செஞ்ச."

நான் தோற்றதை நினைத்தே குறுகிப்போகிறேன் என்று இத்தனை காலமும் எண்ணியிருக்கிறார். சாவுச் செய்தி வந்தபோது நான் தேயிலை மலையில் நின்றேன். அழுகை வருவதற்கு முன்னால், "நல்லவேளை, நான் ஜெயிக்கல" என்றுதான் மனம் சொன்னது.

அதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆறுது, குடிங்க பெரியம்மா" என்றேன்.