உம்மா ஓட்டிய சுற்று

இன்று கராஜில் கிறீஸ் மணத்தபோது, இப்போது மூன்று வீடுகளாகிவிட்ட எங்கள் நற்பிட்டிமுனை வளவு நினைவுக்கு வந்தது. வாப்பா பழைய டிரக்டரின் அடியில் படுத்துக் கிளச் கம்பியின் நட்டைத் திருகுவார். ஆசனத்தில் இருக்கும் உம்மா கிளச்சை மிதித்துப் பார்த்து, "இன்னும் இறுக்கமா இருக்கு" என்பார். கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறதென்று உம்மாவின் காலுக்குத்தான் தெரியும்.

மறுநாள் உழவுக்குப் போகவேண்டியிருந்த ஒரு பின்னேரம், வாப்பா டிரக்டரின் அடியிலிருந்து வெளியே வந்து, "சரிதானா?" என்று கேட்டார்.

"ஓட்டினாத்தானே தெரியும்" என்ற உம்மா, முக்காட்டை இறுக்கிக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணி மாமரத்தைச் சுற்றி ஓட்டியேவிட்டார்.

வாப்பா ஓடிப்போய்க் கேற்றைச் சாத்தினார். ஏசப்போகிறார் என்று பிள்ளைகள் நாங்கள் பயந்தோம்.

"இனி ஒருத்தரும் பாக்கமாட்டாங்க" என்றார் வாப்பா. "இன்னொரு சுத்து ஓட்டு."